மூன்றாவது இருக்கைக்கு மாற்று ஆள்

வந்திருந்தவர்கள்: நான். தங்கை ஜெசிந்தா. அவளுடைய இடது தோள், தனி நாற்காலியில். அப்பா சவரிமுத்து. கொலாஜன் பிரிவு எழுத்தர் பரிபூரணம்.

தோளுக்கும் டோக்கன் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு முன்பே அதைக் கூப்பிட்டார்கள்.

ஜெசிந்தாவின் வலது கையை நான் பிடித்திருந்தேன். விட்டால் அதுவும் கழன்றுவிடும்.

"பாத்தா நல்லாத்தானம்மா இருக்கே," என்றார் பரிபூரணம்.

"போட்டோவுல இன்னும் நல்லா இருப்பேன் மேடம்," என்றாள் ஜெசிந்தா.

பரிபூரணம் அவளுடைய கோப்பைத் திறந்தார். உள்ளே நீண்ட நடைக்கூடம் இருந்தது. எல்லோரும் இறங்கி நடந்தோம்.

அவள் உடம்பைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் கயிறு அங்கே இருந்தது. அதன் புரிகளாக மூன்று வரிசை பெஞ்சுகள், ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு போயின. ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எந்த வரிசையிலும் ஒவ்வொரு மூன்றாவது ஆளும் முறுக்கின் உள்பக்கம் வருவான். அங்கே இடமே கிடையாது. அதனால் இருப்பதிலேயே சிறியவனை உட்கார வைப்பார்கள். அவனுக்குக் கிளைசீன் என்று பெயர், அமினோ அமிலங்களில் கடைக்குட்டி.

ஒரு மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான். அவன் இடித்து அங்கே முறுக்கு விரிந்திருந்தது. அந்த இடத்துக்குக் கதவும் வைத்திருந்தார்கள்.

"இவர யாரு இங்க உக்கார வச்சது?" என்று கேட்டேன்.

"உங்க அப்பா சிபாரிசு," என்றார் பரிபூரணம்.

அப்பா கூரையைப் பார்த்தார். "தெரிஞ்ச பையன்லே. எனக்கும் அந்த எடத்துல இவன்தான். நான் என்ன செத்தா போனேன்?"

"உங்க தோள் கழரலப்பா. அவளுக்குக் கழருது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

பரிபூரணம் கண்ணாடியைத் துடைத்தார். "மாத்து ஆள் இருந்தா இவர எழுப்பலாம். ஆனா ஒண்ணுமில்லாத ஆளா இருக்கணும்."

"நான் இருக்கேன்."

"ஒண்ணுமில்லன்னு சான்றிதழ் வேணும்."

அப்பா உடனே எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம் வந்தது. யாரும் கேட்காமலே நகலும் எடுத்தார்.

பரிபூரணம் சரிபார்த்தார். வேலை, இல்லை. கல்யாணம், இல்லை. படிப்பு, பாதி.

"எல்லாம் சரி. ஆனா பக்கத்துல எதுவும் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது."

என் கையைப் பார்த்தார். அதில் ஜெசிந்தாவின் கை இருந்தது.

"விட்டா கழண்டுரும் மேடம்."

"விடலன்னா நீங்க கிளைசீன் இல்ல."

"விடுண்ணே," என்றாள் ஜெசிந்தா. "எனக்கு இது புதுசா?"

விட்டேன். தரையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. அவள் எப்போதும் கத்துவதில்லை. அதனால்தான் யாரும் நம்புவதில்லை.

கதவைத் திறந்து உள்ளே போனேன். தடியன் எழுந்திருக்கவில்லை. அரை அங்குலம் நகர்ந்து பெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"வா தம்பி. ரெண்டு பேரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவோம்."

வெளியே வரத் திரும்பினேன். அதற்குள் பரிபூரணம் எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்.