இரும்புச் சத்தம்

வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே வீட்டில் ஏதோ குறைகிறது என்று சஜிதாவுக்குப் பட்டது. ஜன்னலால் வந்த மே மாதத்து வெயில் வரவேற்பறைச் சுவரில் விழுந்து கிடந்தது. அந்த இடத்தில் வெயில் விழுந்து அவள் கண்டதில்லை. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. இசைத்தட்டுகள் அடுக்கியிருந்த ராக்கை வெறுமையாக நின்றது. தட்டுப் போடுகிற பெட்டியையும் காணவில்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம்.

றெனோல்ட் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றான்.

"றெக்கோட் எல்லாம் எங்கை?"

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"பிளாத்தோப் பக்கம், பழைய றெக்கோட் வாங்கிற கடையொண்டுக்கு. சும்மா கிடந்து தூசி பிடிக்குது."

"தொகுராவின்ரையுமோ?"

அவன் செட்டையை வெட்டி ஒதுக்கினான். "அதுகளைத்தான் முதல் குடுத்தனான்."

சஜிதா திரும்பி நடந்தாள். அறைக்குள் போய், பார்மசியில் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறொன்று. யாரோ இரண்டாம் தரமும் செத்துப்போனது போல இருந்தது.

மசனோரி தொகுரா ஒசாக்காக்காரர். இருபது சொச்ச வயதில், ஒரு டசின் வரையில் டெக்னோத் தட்டுகள் வெளியிட்டவர். பாட்டு இல்லை, ராகம் இல்லை, இரக்கமும் இல்லை. கட்டடம் கட்டுமுன் நிலத்தில் தூண் இறக்குவார்களே, அந்த இடியை யாரோ தாளத்துக்குப் பழக்கியது மாதிரி இருக்கும். அதற்கு மேலே இரும்பில் இரும்பு உரசும். கேட்டுக்கேட்டு இனி முடியாது என்று எழும்பப் பார்க்கிற நேரத்தில் எல்லாம் ஒரு கணம் விலகி, மூச்சு விட இடம் தரும். பிறகு திரும்பவும் இடி. வயது போக அவர் மென்மையான இசைக்கு மாறிவிட்டார். அவை இணையத்தில் கிடைக்கும். பழைய வன்மையான தட்டுகளை அங்கே போட அவர் சம்மதிக்கவே இல்லை. தட்டு வைத்திருப்பவர் வீட்டில்தான் அவை இருந்தன.

கலியாணம் முடித்த புதிதில் அவள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்கிறாள்: "இது பாட்டோ, பக்டறியோ?"

பஸ் கராச்சில் நாள் முழுக்க இரும்போடு மாரடித்துவிட்டு வருகிறவன், வீட்டிலும் இரும்பைத்தான் கேட்டான். "காதாலை கேக்காதையும் சஜி. சும்மா அதுக்குள்ளை நில்லும்," என்பான். அவளுக்கு நிற்கத் தெரியவில்லை. நிற்கக் காட்டிக்கொடுத்தது பிள்ளைதான்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு மாலை. வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. சோபாவில் சரிந்திருந்தாள். றெனோல்ட் தொகுராவின் தட்டொன்றைத் திருப்பிப் போட்டான். இடி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே ஒரு உதை. பிறகு இன்னொன்று. அவள் கத்திய கத்தில் அவன் ஓடிவந்தான். உள்ளங்கையை வைத்தான். கைக்கு நேரே வந்து தட்டியது. சத்தத்தை நிற்பாட்டினார்கள், நின்றது. போட்டார்கள், வந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அதுதான் அவர்களுடைய விளையாட்டு.

பிள்ளைப்பேறு பார்க்க மன்னாரிலிருந்து அம்மா வந்திறங்கினாள். அம்மாவுக்கு அந்தச் சத்தம் தலையிடி. "இரும்புக் கடைக்குள்ள குடி வந்த மாதிரிக் கிடக்கு. தம்பி, வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீடெல்லோ?" என்று கும்பிடாத குறையாகக் கேட்டுப் பார்த்தாள். பிறகு தானே மகளின் வயிற்றுக்குப் பக்கத்தில் இருந்து மாதா பாட்டுப் படித்தாள். பிள்ளை அசையவில்லை. "நித்திரை போல," என்றாள் அம்மா, முகம் சுண்டிப்போய்.

எட்டாம் மாதத்தில், பனி கொட்டிய ஒரு காலையில், பிள்ளை அசையாமல் விட்டது. கோட்-டெ-நெய்ஜ் மலையடி ஆஸ்பத்திரியில் பெற்றாள். பெண் பிள்ளை. நிறைய முடி. தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்திருந்ததை டொக்டர் ஆறுதலாக, இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். யாரிலும் பிழையில்லை என்றார். முலைக்காம்பில் பால் ஊறி நின்ற வாரத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்த நாட்களில்தான் ஒரு பகல், அம்மா குசினிக்குள் நின்று மன்னாருக்குப் போன் கதைத்துக்கொண்டிருந்தாள். அழுதழுது குரல் அடைத்திருந்தது. "டொக்டர்மார் கொடி எண்டு சொல்லீனம். எனக்கெண்டா அந்த இரும்புச் சத்தம்தான் மனதுக்குள்ள நிக்குது. பச்சை மண் பயந்து துடிச்சிருக்குமடி. துடிச்ச துடிப்பில கொடி சுத்தியிருக்கும்."

சஜிதா அறைக்குள் படுத்திருந்து கேட்டாள். வாசலில் சாமான் பையோடு நின்ற றெனோல்டும் கேட்டான். அவன் பையை மெல்ல வைத்துவிட்டு, திரும்ப வெளியே போனான். அன்றிலிருந்து வீட்டில் சங்கீதம் இல்லை. வசந்தம் வர அம்மா ஊருக்குத் திரும்பினாள். அந்த வசனம் மட்டும் போகவில்லை.

அவனுக்கு அந்தத் தட்டுகள் பிள்ளையைக் கொன்ற ஆயுதம். அது சஜிதாவுக்கு விளங்கியது. ஆனால் அவளுக்கு? பிள்ளையை இந்த உலகத்தில் வேறொருவருக்கும் தெரியாது. மகள் எதைச் சாப்பிட்டாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்ல ஒரு நாள்கூட இல்லை. அவளுக்குப் பிடித்தது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் அவன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து மீன் வெட்டுகிறான்.

சனிக்கிழமை அவள் அந்தக் கடையைத் தேடிப் போனாள். காசாளர் பெண் தொகுராவின் பெயரைக் கேட்டதும் கண் விரித்தாள். "தெசொலே, மதாம்," என்று வருத்தம் தெரிவித்தாள்; வைத்த அன்றே யாரோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். சஜிதாவின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, கதவில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். ஜூனில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஆற்றுக்கு நடுவில் இருக்கிற சென்-எலேன் தீவில், திறந்த வெளியில் தொகுரா வாசிக்கிறார். பழைய தட்டுகள் மட்டும்.

"நான் போறன்," என்றாள் அன்றிரவு. "வாறதெண்டா வாங்கோ."

"உமக்கு விசரோ?"

"ஓம்."

அந்த ஞாயிறு அவள் வெளிக்கிட்டபோது அவன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். மெட்றோப் படியில் இறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் பெட்டிக்குள் றெனோல்ட் எதிர் இருக்கையில் வந்து இருந்தான். தீவு வந்ததும் இருவரும் இறங்கினார்கள்.

சனம் நிறைந்திருந்தது. புல்லில் விரிப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள், வெறும் மேலோடு ஆடுகிறவர்கள். கைக்குழந்தைகளைக்கூடக் கொண்டுவந்திருந்தார்கள், காதில் பெரிய மூடி போட்ட ஒரு குழந்தை தகப்பனின் நெஞ்சில் வாய் பிளந்து நித்திரை. சஜிதா அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். மேடையில் ஒரு சின்ன மனிதர், நரைத்த தலை, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கைகளை அசைத்துக்கொண்டிருந்தார். றெனோல்ட் தூரத்து மரத்தடியில் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டான்.

இடி தொடங்கியது. உள்ளங்காலால் ஏறி வயிற்றுக்குள் நின்றது. அவள் தன்னை அறியாமல் காத்திருந்தாள். வலது விலாவுக்குக் கீழே. ஒரு இடி போனது, இன்னொன்று போனது. இரும்பு உரசியது, விலகியது, மூச்சுக்கு இடம் தந்தது, திரும்ப விழுந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. இவ்வளவு மாதமும் அழுததெல்லாம் அழுகையே இல்லை என்பது போல, அத்தனை சனத்துக்கு நடுவில், வாயைத் திறந்து அழுதாள். அந்தச் சத்தத்துக்குள் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மரத்தடிக்கு வந்தபோது அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தான்.

"இதுதான் அண்டைக்குப் போட்டது," என்றான். "அவள் பயந்துதான் அடிச்சவள் எண்டா? நாங்கள் ரெண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு..."

அவள் பக்கத்தில் இருந்தாள். மூக்கைச் சீலையில் துடைப்பது போலச் சட்டை நுனியில் துடைத்தாள்.

"பயந்தவள் ஒளிச்சிருப்பாள், றெனோல்ட். மற்றப் பக்கம் திரும்பியிருப்பாள். இவள் உங்கடை கைக்குக் கீழை வந்தவள். ஒவ்வொரு நாளும் வந்தவள். எனக்குள்ளைதானே இருந்தவள், எனக்குத் தெரியாதே?"

 அவன் நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தானே முழுதாக நம்புகிறாளா என்றும் தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்ல இந்த உலகத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று தெரிந்தது.

ஆடுகிறவர்களின் காலடியிலிருந்து புழுதி எழும்பி, சாயும் வெயிலில் மஞ்சளாக நின்றது. றெனோல்டின் தலை இன்னும் குனிந்துதான் இருந்தது. கண்ணீர் மூக்கு நுனியால் சொட்டியது. புல்லுக்குள் அவனுடைய வலது குதி மட்டும், அவனுக்குத் தெரியாமல், தாளத்துக்கு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. தான் பார்ப்பதை அவன் கண்டால் நிற்பாட்டிவிடுவான் என்று, சஜிதா முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.