மூன்றாம் நம்பர் டேங்கின் வாசல்

கடலோரம் எழும்பிக்கொண்டிருந்த சுத்திகரிப்பு ஆலையில் அவருக்கு வாசல்காரர் என்றே பெயர். கச்சா எண்ணெய் டேங்குக்குள் ஆள் நுழையும் இரும்புத் துளையருகே உட்கார்ந்து, உள்ளே போகிறவனின் அடையாள வில்லையை வாங்கிப் பலகையில் மாட்டி, வெளியே வந்ததும் திருப்பிக் கொடுப்பது வேலை. பார்க்கச் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். உயிரெல்லாம் அந்தப் பலகையில்தான் தொங்கியது.

மூன்றாம் நம்பர் டேங்கில்தான் ஆறு மாதத்துக்கு முன் அவர் மச்சினன், மனைவியின் தம்பி, சாரத்திலிருந்து விழுந்து செத்தான். வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவரே. அன்றிலிருந்து மனைவி அவரிடம் அளந்துதான் பேசினாள்.

அந்த டேங்குக்கு இன்று தண்ணீர்ச் சோதனை. கசிவு உண்டா என்று பார்க்க, எண்ணெய்க்கு முன் தண்ணீரை நிரப்புவார்கள். எதிர்ப்பக்கத் துளையைக் காலையிலேயே மூடியாயிற்று. மத்தியானம் இவர் பக்கத்து மூடியையும் ஆட்கள் போல்ட்டு போட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒன்று. ஸ்பேனரால் தகட்டில் தட்டும் சத்தம்.

மச்சினன் இறங்கி வருமுன் அப்படித்தான் தட்டுவான். ‘மாமா, வர்றேன்’ என்று அர்த்தம்.

அவர் மூடியில் காதை வைத்தார். போல்ட்டு முறுக்கியவர்களைக் கேட்டார். ஒருவர் காதிலும் ஒன்றும் விழவில்லை. பம்பைப் போட வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். இன்ஜினியர் வேகமாக வந்தார்.

“பலகையில ஒரு வில்லைகூட இல்லையே. அப்புறம் என்ன?”

“இல்லதான் சார். ஆனா உள்ள ஆள் இருக்கு.”

இன்ஜினியர் அவரையே பார்த்தார். மச்சினன் கதை அவருக்கும் தெரியும். லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாசல்காரர் மூடியின் முன்னால் போய் நின்றுகொண்டார். திறக்காமல் நகர மாட்டேன் என்றார்.

திறந்தார்கள். எண்ணெயோடு ஏறி இறங்கும் மிதக்கும் கூரை, டேங்க் காலியாக இருந்ததால், இரும்புக் கால்களை ஊன்றித் தாழ நின்றது, கீழே கும்மிருட்டு. டார்ச்சோடு போனவர்கள் கடைக்கோடியில் ஒரு பெயிண்டரைக் கண்டுபிடித்தார்கள். விடியற்காலையில் எதிர்ப்பக்கத் துளையில் காவல் இல்லாத நேரம் பார்த்து நுழைந்தவன். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு இரும்புக் காலின் மறைவில் அடித்துப்போட்டாற்போல் கிடந்தான். உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

“நல்லவேளை தட்டினியே” என்றார் வாசல்காரர்.

“நான் எங்கண்ணே தட்டினேன்? இவங்க எழுப்புற வரைக்கும் நினைவே இல்ல.”

அவனிடம் ஒரு பிரஷ்ஷைத் தவிர வேறெதுவும் இல்லை.

எல்லோரும் அவர் தோளைத் தட்டினார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கை நின்றது. ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததும் அப்போது வெளியே வந்துவிட்டது.

“அன்னைக்கும் தட்டினான். எப்பவும்போல இல்ல, விடாம தட்டினான். விளையாடுறான்னு நினைச்சு நான் எழுந்திருக்கவே இல்ல. சாரத்துப் பலகை நழுவி, ஒத்தக் கையில தொங்கிட்டு இருந்திருக்கான்.”

அவள் அழவில்லை. மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

“அவன் உங்களை மன்னிச்சிருக்கலாம். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.”

மறுநாள் பஸ்ஸேறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே டேங்கில் தண்ணீர் ஏறியது. கசிவு இல்லை. வாசல்காரரை அடுத்த டேங்குக்கு மாற்றினார்கள். தன் கையால் பொங்கித் தின்றார்; சோறு இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் அம்மாவோடு வந்து இறங்கினாள். மகன் வேலை செய்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கிழவி ஒற்றைக்காலில் நின்றாளாம். வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். மூவரும் வேலியோரம் நின்றார்கள். வரிசையாகப் பன்னிரண்டு டேங்குகள், எல்லாம் ஒரே மாதிரி.

“எதுப்பா?” என்றாள் கிழவி.

கை நீட்டிக் காட்டினார்.

“இப்ப அதுக்குள்ள என்ன இருக்கு?”

“தண்ணி, அத்தை.”