மேசையளவு விரிந்த மாவு

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் யாராவது டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று தேடுகிற மாதிரியே ஒரு பார்வை. மாப்பிள்ளை திரைச்சீலைக் கடையில் வேலை பார்ப்பவன். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டி, மாட்டிக்கொடுத்துவிட்டு வருவான். கடை பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால் கல்யாணத்துக்குப் பிறகு அவனும் மனைவியும் அவள் பெற்றோர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை” என்று இவர் கேட்பார், “ஆச்சு மாமா” என்று அவன் சொல்வான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வார்த்தை வராது.

மாமியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பின்னால் வந்து சேர்ந்தவர்களெல்லாம் மேலே மேலே போய்க்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கை நழுவிக்கொண்டே இருந்த தலைமை நர்ஸ் பதவி இந்த முறைதான் கிடைத்தது. அதற்கான பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தவர், சனிக்கிழமை சாயங்கால ரயிலில் திரும்புவதாக இருந்தது.

அன்று காலை சாப்பாட்டு மேசையில் மாமனார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மனைவி போன மாசம் தன்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி வீட்டில் பக்லவா சாப்பிட்டு வந்தாளாம். காகிதத்தைவிட மெல்லிய மாவை அடுக்கடுக்காக வைத்து, நடுவில் பருப்புகள் தூவி, மேலே தேன் ஊற்றிய பலகாரம். வாரம் முழுக்க அதே பேச்சாக இருந்தாளாம். அதைத் தன் கையால் செய்து வைக்கப்போகிறாராம்.

மகளுக்குச் சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. “அப்பா, உங்களுக்கு அடுப்பைப் பத்த வைக்கவே தெரியாது. பேசாம ஒரு கேக் வாங்கிட்டு வந்துடுங்க” என்றாள். வேலை முடிந்ததும் அம்மாவை ஸ்டேஷனிலிருந்து தானே அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கதவு சாத்திய பிறகு மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். இன்று அவனுக்கு லீவுதானே என்று கேட்டார். கேள்வி மாதிரி இல்லை.

கடையிலிருந்து உறைய வைத்த மாவுத்தாள் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தார்கள். குளிர் விட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. மாமனாருக்கு ஏது பொறுமை? பிடித்து இழுத்தார். காய்ந்த சருகு போல அத்தனையும் நொறுங்கிக் கொட்டியது. கடையில் இருந்ததே அந்த ஒரு பாக்கெட்தான்.

கேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிடலாமா என்று மாப்பிள்ளை யோசித்தான். அதற்குள் மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டு மைதா டப்பாவை இறக்கிவிட்டார். மகள் சிரித்தது அவருக்கு உறைத்திருந்தது. செல்போனைப் பார்த்து அவன் அளவுகளைப் படிக்க, தண்ணீரும் எண்ணெயும் துளி வினிகரும் விட்டு அவர் பிசைந்தார். நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. மாவு பதம் வந்திருந்த மிருதுவைப் பார்த்தால் குழந்தையின் கன்னம் தோற்றுவிடும். ஈரத்துணி போட்டு மூடி, அது ஊறும் நேரத்தில் பாதாமையும் வால்நட்டையும் இடித்தார்கள், தேன்பாகு காய்ச்சி ஆற வைத்தார்கள்.

தேய்க்கும்போதுதான் வம்பு வந்தது. உருட்டுக்கட்டையை எடுத்ததும் மாவு ரப்பர் மாதிரி சுருங்கிக்கொண்டது. இன்னும் அழுத்தினால் கிழிந்தது. அடுத்த உருண்டையும் அதே கதி. மாமனார் முகம் தொங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது பெரிய உருண்டை ஒன்றுதான். மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, கடையில் மெல்லிய துணியை விரிக்கிற நினைப்பில், உள்ளே போய் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டு, மாவு தூவி, உருண்டையை அதன் நடுவில் வைத்துத் தட்டையாக்கினான். மாமனாரிடம் மோதிரத்தைக் கழற்றச் சொன்னான். கைகளை அடியில் விட்டு, புறங்கையால் தாங்கி, நடுவிலிருந்து வெளியே மெதுவாக நகர்த்த வேண்டும். ஒருவர் கை போதாது, எதிர்ப்பக்கத்தில் அவரும் பிடிக்க வேண்டும்.

இரண்டு பேரும் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாவு தட்டளவு ஆனது, தாம்பாளம் அளவு ஆனது. மாமனாருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. ஓரத்தை விரலால் பிடித்து இழுக்கப் போனார்.

“இழுக்காதீங்க! விடுங்க மாமா, கையை எடுங்க!”

கத்திய பிறகுதான் யாரைப் பார்த்துக் கத்தினோம் என்பது மாப்பிள்ளைக்கு உறைத்தது. மாமனார் கையை எடுத்துவிட்டு அவனையே பார்த்தார். பஸ்ஸில் எத்தனையோ பேரை நடுங்க வைத்த பார்வை.

“சரி, நீ சொல்லு. எங்க பிடிக்கணும்?” என்றார்.

நீங்கள் போய் நீ வந்துவிட்டது. அவன் காட்டிய இடத்தில் பிடித்தார். அவன் சொன்னபோது நகர்ந்தார், சொன்னபோது நின்றார். மாவு மேசையின் விளிம்பைத் தொட்டது, அதையும் தாண்டிக் கீழே வழிந்தது. விரிப்பில் இருந்த நீலப் பூக்கள் ஒவ்வொன்றாக மாவுக்கு அடியில் தெரிய ஆரம்பித்தன. ஓரத்தில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று. மற்றபடி முழுசாக இருந்தது. மாமனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சொந்த நிலத்தைப் பார்க்கிறவர் மாதிரி அதைப் பார்த்தார்.

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். தட்டுக்கு ஏற்ற அளவில் மாப்பிள்ளை வெட்டி வெட்டிப் போட, மாமனார் வெண்ணெய் தடவினார். இடையிடையே பருப்பு. அடுக்கி முடித்துத் துண்டு போட்டு, ஓவனுக்குள் தள்ளிவிட்டு, அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே தாள்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எழும்பிப் பொன்னிறமாயின. வெளியே எடுத்ததும் ஆறிய தேன்பாகை ஊற்றினான் மாப்பிள்ளை. சுர்ரென்று சத்தம் எழுந்து வீடெல்லாம் மணந்தது. மாமனார் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பாகு கொஞ்சம் தரையில் சிந்தியது. இரண்டு பேரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாமியார் வந்ததும் தட்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே போய்க் குப்பைக்கூடையைத் திறந்து கடைப் பெட்டி எங்கே என்று தேடினார். கிழிந்த மாவும் நொறுங்கிப்போன மாவுத்தாளும்தான் கிடைத்தன. திரும்பி வந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மேலடுக்குகள் சரசரவென்று உடைந்த சத்தம் வாசலில் நின்ற மகளுக்கும் கேட்டது. அந்தத் துண்டை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்ட பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அவ வீட்டுல சாப்பிட்டது இதுக்குப் பக்கத்துலகூட வராது” என்றார். கண் கலங்கியிருந்தது. மகள் அப்பாவையும் கணவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நிஜமாகவே இவர்கள்தான் செய்தார்களா என்று கேட்டாள்.

“நான் சும்மா எடுபிடி. மேஸ்திரி அவன்” என்று மாமனார் மாப்பிள்ளையைக் கை காட்டினார்.

அவன் காது சிவந்துவிட்டது. இரண்டு பேர் தலைமுடியிலும் மைதா படிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை மாமியார் புதுப் பேட்ஜைக் குத்திக்கொண்டு, வார்டுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டுகளோடு தட்டை இரண்டு கையாலும் ஏந்தி மாடிப்படி இறங்கினார். மாமனார் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். எதிரே ஏறி வந்த மேல்வீட்டுக்காரரைச் சுவரோடு ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, வருவது தலைமை நர்ஸ் என்றும், தட்டில் இருப்பது தன் வீட்டில் செய்தது என்றும், நின்று விளக்கமாகச் சொன்ன பிறகே அடுத்த படியில் கால் வைத்தார்.