ஞாயிற்றுக்கிழமைக் காடு

காரின் பின்கதவை மேலே தூக்கிவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கனத்த ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள் மூத்தவள். வீட்டில் யோகா வகுப்பு என்று சொல்லியிருந்தாள். சுருட்டிய பாய் ஒன்று முன்சீட்டில் சாட்சிக்குக் கிடந்தது.

"சீக்கிரம் வாக்கா, கை விறைச்சுப் போச்சு" என்று காட்டுப் பூங்காவின் வாசலில் நின்று கூப்பிட்டாள் அவள் ஓரகத்தி.

அண்ணன் தம்பியைக் கட்டிய இருவரும் சேர்ந்து நடப்பதற்குப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. மாமனார் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிய அன்று தம்பி விமானத்தில் வந்துகொண்டிருந்தான். தொண்டையில் குழாய் இறக்கினால் ஓரிரு நாள் இழுக்கலாம், பிழைக்க மாட்டார் என்றார் டாக்டர். வேண்டாம் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டான். தம்பி வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

"நான் வர்ற வரைக்கும் உசுரைப் பிடிச்சு வைக்க முடியலையா உன்னால?"

அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை அதோடு நின்றது.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நாளெல்லாம் மேலும் கீழும் அலைந்துவிட்டு வந்தும் வீட்டில் உட்கார மாட்டான். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டுவான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசற்கதவைப் பார்த்துவிட்டு வருவான். அந்தத் தவிப்பு மூத்தவளுக்கும் தொற்றிக்கொண்டது. தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்க்கும்போதுகூட மேஜைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் சின்னவள் போன் செய்தாள். "அவங்க பேசாட்டிப் போகட்டும். நாமளா கையெழுத்துப் போட்டோம்?"

முதலில் நடந்தபோது மரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. கிளைகளுக்கு நடுவே நெடுஞ்சாலை தெரிந்தது. ஒவ்வொரு கார் போகும்போதும் தெரிந்தவர்களாக இருக்குமோ என்று மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு ஒரு வாரத்தில் துளிர்விட்டு, அடுத்த வாரத்தில் பச்சை அடைத்துக்கொண்டது. "இப்பதான் காடு நமக்கு முக்காடு போட்டுவிட்டிருக்கு" என்று சிரித்தாள் சின்னவள். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திப் பயிற்சி கொடுக்கிறவள். அவள் சிரித்தால் பறவைகள் எழுந்து போகும்.

கோடையில் ஓடை வற்றிக் கூழாங்கல்லாய்க் கிடந்தது. அங்கேதான் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"உன் வீட்டுக்காரரு ஒரு வார்த்தை மன்னிச்சுக்கடான்னு சொன்னா குறைஞ்சா போயிடுவாரு?"

"எதுக்குச் சொல்லணும்? நீ அங்க இருந்தியா?"

"நாங்க வர்ற வரைக்கும் குழாயை வைக்க விடலையேக்கா. அதுதானே பிரச்சினை."

மிச்ச தூரத்தை ஒருத்தி முன்னேயும் ஒருத்தி பின்னேயுமாக, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நடந்தார்கள். மறு ஞாயிறு இருவருமே வந்தார்கள். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இலைகள் பழுத்து உதிரத் தொடங்கியபோது சின்னவள் சொன்னாள். "அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருச்சு. மாசக் கடைசியில கிளம்பறோம்." கொஞ்ச தூரம் போய், "அடுத்த ஞாயிறு அவரும் வர்றாராம். அப்படி என்னதான் இருக்கு அந்தக் காட்டுலன்னு பாக்கணுமாம். அதனால நீ வராதக்கா."

அந்த வாரம் மூத்தவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு வயசாளிக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ மாட்டிவிட்டு, நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டாள். ஞாயிறு காலையில், ஜன்னல் கொண்டியைத் திருகிக்கொண்டிருந்த கணவனிடம் போய் நின்றாள்.

"நடந்துட்டு வரலாம், வாங்க."

"யோகா?"

"அப்படி ஒரு க்ளாஸே கிடையாது."

"தெரியும். எந்த யோகாவுல ஷூவுல சேறு ஒட்டுது?" அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

காட்டுக்குள் அவன் பத்தடி முன்னாலேயே போனான். சதுப்பு நிலத்துக்கு மேல் பலகை அடித்த பாதை ஒன்று உண்டு. கைப்பிடி இல்லாதது, ஒருவர் போகிற அகலம்தான். பாதி தூரம் போனதும் எதிரே இருவர் வருவது தெரிந்தது. அவன் நின்றான். திரும்பாமலே கேட்டான்.

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா."

தம்பியும் நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் சின்னவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஒதுங்கினால் சேறு, திரும்பினால் தோல்வி. நாணல்களுக்குள் ஏதோ ஒன்று சளக்கென்று நீரில் விழுந்தது.

தம்பிதான் முதலில் பேசினான். "அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

அண்ணனின் கை திருப்புளியைத் தேடுவதுபோல் தானாகச் சட்டைப் பையைத் தடவி, வெறுமனே கீழே வந்தது. "மாஸ்க்கைத் தள்ளித் தள்ளி விட்டுட்டு உன்னத்தான்டா கேட்டாரு. எறங்கிட்டானா, எறங்கிட்டானான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எறங்கிட்டான், வாசலுக்கு வந்துட்டான்னு சொன்னேன். அப்புறம் அவர் கேக்கல."

மூத்தவளுக்கே அது புதிது. அந்த நேரத்தில் அவள் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். இத்தனை மாதம் அவனை வீடெல்லாம் அலையவைத்தது இந்தப் பொய்தானா என்று அவன் முதுகையே பார்த்தாள்.

தம்பி அண்ணனை வெகுநேரம் பார்த்தான். திட்டப் போகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவன் சின்னவளின் தோளைப் பிடித்து, அவளை மெல்லச் சுற்றிக் கடந்து, வந்த வழியே வேகமாக நடக்கத் தொடங்கினான். அண்ணன் ஒரு கணம் தயங்கி, "பாத்துப் போடா, வழுக்கும்" என்று கத்தினான். பின் அவனும் சின்னவளை ஒட்டிக் கடந்து, அதே வேகத்தில் பின்னாலேயே போனான்.

பெண்கள் இருவரும் அசையவில்லை. வளைவில் நாணல் ஆண்களை மறைத்துக்கொண்டது. ஆட்கள் கண்ணில் படவில்லை, குரலும் கேட்கவில்லை. தாளம் சேராத இரண்டு பேரின் நடை மட்டும் பலகை பலகையாக அதிர்ந்து, அவர்கள் உள்ளங்காலில் வந்து ஏறிக்கொண்டிருந்தது.