எலியோனோராவின் தோளில் ஒரு கை

பத்து மணிக்குக் கடைக் கதவைத் திறந்தேன். 1931இல் விஷம் குடித்து இறந்துபோன கோமகள் எலியோனோரா வாசலில் நின்றிருந்தார். கையில் காய்கறிப் பை. பைக்குள்ளிருந்து குடைமிளகாய் எட்டிப் பார்த்தது.

எண்பது வயது இருக்கும். ஆனால் அந்தத் தாடையும் உயர்ந்து நின்ற இடது புருவமும் எனக்கு மனப்பாடம். எங்கள் கண்ணாடி ஜன்னலில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த இளம்பெண்ணின் அதே புருவம். எலியோனோராவைப் படைத்ததும் நான்தான், கொன்றதும் நான்தான்.

"அது நான்," என்றார் ஜன்னலைக் காட்டி. "பேரு இயோலாண்டா. டிராமுக்கு நின்னா, எதிர் நிறுத்தத்துல என் மூஞ்சி தொங்குது. யாரைக் கேட்டு ஒட்டினீங்க?"

இத்தாலியின் தூரின் நகரத்தில் 'தர்விசானி' வாசனைத் திரவியக் கடை பெரிய இடம். வாசலில் பொன்னெழுத்தில் '1889' என்றிருக்கும். அது கட்டடம் கட்டிய வருடம். கடைக்கு வயது பதினொன்று. ஒவ்வொரு சென்ட்டுக்கும் ஒரு பழைய புகைப்படம், ஒரு சோகக் கதை. சின்ன பாட்டில் இருநூற்று நாற்பது யூரோ. கதை எழுதுவது என் வேலை. படங்களை பலோன் சந்தையில், பழைய சாமான் விற்பவர்களிடம் பொறுக்கி எடுப்பேன். கறுப்பு வெள்ளையில் இருப்பவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள் என்பது எங்கள் தொழிலின் குருட்டு நம்பிக்கை.

அன்று பதினொரு மணிக்கு 'எலியோனோரா' சென்ட்டின் அறிமுக விழா. பத்திரிகைக்காரர்கள் வரப்போகிறார்கள்.

"பெட்டிக்குள்ள ஏதோ கதை வச்சிருக்கீங்களாமே? நான் கண்ணாடி கொண்டு வரல. படி."

படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா படி பொண்ணே. எழுதும்போது வெக்கப்படல இல்ல?"

"'தோளில் கை வைத்து விடைபெற்ற விமானி திரும்பவே இல்லை. ஏழு வருடம் காத்திருந்த கோமகள், ஒரு மாலையில் விஷம் அருந்தினாள்...'"

"விமானியா!" இயோலாண்டா சிரித்தார். அதில் சிரிப்பே இல்லை. "மூணாவது மாடி ஏறினாலே அவருக்குத் தலை சுத்தும். அது என் வீட்டுக்காரர் செகொண்டோவோட கை. கார் தொழிற்சாலையில பிரஸ் மெஷின் ஓட்டினவர்."

படத்தில் செகொண்டோவை நாங்கள் வெட்டிவிட்டிருந்தோம். இளம்பெண்ணின் தோளில் அவருடைய கை மட்டும் மிச்சம். இயோலாண்டா ஜன்னல் படத்துக்கு மிக அருகில் போனார். அவர் முதுகு விறைத்தது.

"இந்த விரல் எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் கதைத்தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

கைப்பையிலிருந்து அதே படத்தின் இன்னொரு பிரதியை எடுத்தார். முழுப் படம். ஒல்லியாக, மிரண்ட கண்களோடு ஒரு இளைஞன். தோளில் இருந்த கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

"அறுபத்திரண்டாம் வருஷம் மெஷின் அந்த விரலை வாங்கிடுச்சு. அப்புறம் அந்தக் கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்ததே இல்ல. சர்ச்சுல, கல்யாணத்துல, சாவு வீட்டுல, எங்கேயும். அறுபத்துநாலுல இந்த ஒரு படத்துக்காக நான் சண்டை போட்டு, அதை இழுத்து என் தோள்ல வச்சேன். நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினோம். அந்தக் கை தெரியற படம் இது ஒண்ணுதான். நாத்தனார் செத்ததும் வீட்டைக் காலி பண்ணினவன், அவகிட்ட இருந்த பிரதியைப் பெட்டியோட வித்துட்டான். சரி, வாங்கினீங்க. ஆளை வெட்டினீங்க. விரலை வேற முளைக்க வச்சிருக்கீங்களே!"

அப்போதுதான் முதலாளி ருஜ்ஜேரோ தர்விசானி உள்ளே நுழைந்தார். எல்லாரும் அவரை 'டொட்டோர்', அதாவது டாக்டர், என்பார்கள். என்ன படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. நான் அவர் காதில் விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் வெண்ணெய் உருகியது.

"சிஞ்ஞோரா! எவ்வளவு பெரிய பாக்கியம்! ஆயுசு முழுக்க உங்களுக்கு எங்க சென்ட் இலவசம்." கிழவியின் மணிக்கட்டில் பீய்ச்சினார்.

இயோலாண்டா மோந்து பார்த்தார். "பாச்சை உருண்டை போட்ட பீரோ மாதிரி இருக்கு. தம்பி, படத்தை இறக்கு."

"இன்னிக்கு முடியாதும்மா. விழாவுக்கு..."

"அப்ப விரலையாவது எடு."

டொட்டோர் பொறுமை இழந்தார். "புரிஞ்சுக்கோங்க. இது ஆடம்பரப் பொருள். மொட்டை விரல் விக்காது."

இயோலாண்டா வாயைத் திறப்பதற்குள் கதவு மணி அடித்தது. பத்திரிகைக்காரர்கள், காமிராக்கள், இருபது பேர்.

டொட்டோர் ஒரு நொடிதான் திகைத்தார். அடுத்த நொடியே கிழவியின் தோளில் கை போட்டார். அதே தோள்!

"நண்பர்களே, ஓர் அதிசயம்! எலியோனோராவுக்கு உயிர் கொடுத்த அழகி இதோ, நம்ம நடுவுல!"

கைதட்டல். வெளிச்சம் பளீர் பளீர் என்று அடித்தது. வழுக்கைத் தலை நிருபர் ஒருவர் கேட்டார்: "சிஞ்ஞோரா, அந்த விமானி யாரு?"

"கூச்சப்படறாங்க," என்றார் டொட்டோர். "க்ளேலியா, நீ சொல்லு."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. வாடகை, வேலை, எல்லாம் கண்முன் வந்துபோயின. ஆனால் அந்தத் தோளில் கிடந்த மோதிரம் போட்ட, கிரீம் தடவிய கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது.

"விமானி யாரும் இல்லை. நான் கட்டின கதை. அவர் இவங்க கணவர், தொழிலாளி. அவர் இழந்த விரலை டொட்டோர் சொல்லி நான்தான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சேன். இவங்ககிட்ட யாரும் சம்மதம் கேட்கல."

"இவளுக்கு உடம்பு சரியில்லை!" என்று கத்தினார் டொட்டோர். தன் தோளிலிருந்த கையை இயோலாண்டா பூச்சியைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டு, தன் படத்தை உயர்த்திப் பிடித்தார். காமிராக்கள் அதை மொய்த்தன.

டொட்டோர் மூலைக்கு ஓடி வக்கீலுக்கு போன் போட்டார். வக்கீல் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. "சம்மதம் இல்லாம முகத்தை வித்தியா? அறிவிருக்கா? ஜன்னல், பாட்டில், டிராம் நிறுத்தம், ஒண்ணு விடாம எடு! அந்தம்மா கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள!"

நான் ஏணி போட்டு ஏறி ஜன்னல் படத்தை உரித்தேன். பிறகு பின்கட்டுத் தொட்டியில் வெந்நீர் நிரப்பினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டில்கள். டொட்டோர் பட்டுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்று முகம் அச்சிட்ட லேபிளைச் சுரண்டினார்.

"மன்னிச்சிடுங்க," என்றேன் இயோலாண்டாவிடம்.

"அதை அப்புறம் பார்க்கலாம். கையை ஓட்டு."

வெல்வெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், உரித்த பாட்டில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றை டொட்டோரிடமே நீட்டினார்.

"இதுல ஒரு கண்ணு இன்னும் ஒட்டியிருக்கு தம்பி. நல்லா சுரண்டு."