நாத்தனாருக்கு நான் கொடுத்த கால்

1.
இதை நான் கதையாக எழுத ஆரம்பிக்கவில்லை, விண்ணப்பமாகத்தான் ஆரம்பித்தேன். என் நாத்தனார் காலணி செய்கிறவள், இரண்டு பாதமும் ஒரே அளவில் இல்லாதவர்களுக்கு மட்டும். அடிப்பாகத்தை அழுத்தி ஒட்டும் மெஷின் பழுதாகிவிட்டது. புதிது வாங்க, இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சமாகக் கேட்பதென்று முடிவானது. முப்பது நாள் கெடு. முழுத்தொகை சேராவிட்டால் வந்ததெல்லாம் திரும்பிப் போய்விடும். பிறகு பட்டறையை மூட வேண்டியதுதான்.

"அண்ணி, நீங்கதானே கதை எழுதுறவங்க. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

2.
முதல் தொடக்கம்: பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு சிறிய பட்டறையில்...
(எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: தோலின் வாசனை...
(மோந்து பார்த்தா பணம் கொடுக்கப் போகிறார்கள்?)

வெளியூரில் படிக்கும் அவள் மகளுக்கு ஆராய்ச்சியே இதுதான். சிறுதொழில்காரர்கள் இப்படிப் பணம் திரட்டுவதைப் பற்றி வந்த கட்டுரைகளைப் படித்து, ஆய்வு எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பது. போனில் கேட்டேன்.

"முன்னாடி எவ்வளவு சேர்ந்துச்சுன்னு பாத்தாங்க, அத்தை. அப்புறம் என்ன எழுதினா சேருதுன்னு பாத்தாங்க."

"என்ன எழுதினா சேருது?"

"கஷ்டத்தைச் சொன்னா மனசு இளகும்னு சில பேரு சொல்றாங்க. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என் காதில் விழவில்லை.
(விழுந்தது. "இப்பல்லாம், பணம் வந்தப்புறம் சொன்னபடி நடந்தாங்களான்னுதான் பாக்குறாங்க" என்றாள். எனக்கு வேண்டியது முன்பாதி.)

3.
மூன்றாம் தொடக்கம், அவளே சொல்வதுபோல: பிறவியிலேயே என் இடது பாதம் சிறியது. சோடிச் செருப்பு எனக்குச் சோடியாக இருந்ததே இல்லை.

இதையே வைத்துக்கொண்டேன். நாத்தனார் படிக்கவில்லை. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று வேலைக்குப் போய்விட்டாள். நானே இணையத்தில் ஏற்றினேன்.

4.
இருபத்தேழாம் நாள். நூற்றுக்கு எண்பத்தொன்பது சேர்ந்திருந்தது. நாத்தனார் வந்தாள், எதிரே உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க, அண்ணி. எது சின்னது?"

"படிச்சிட்டியா?"

"அளவு குடுக்க வந்த அம்மா என் காலைப் பாத்துக் கண்கலங்குது. என்ன ஏதுன்னு கேட்டா, போன்ல படிச்சுக் காட்டுது. அதுக்கப்புறம் என்ன செய்ய? அது போற வரைக்கும் நொண்டினேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அது உங்க கால்தானே?"

(ஆம். அவள் செய்த முதல் சோடி எனக்குத்தான். இத்தனை வருடம் எழுதியும் என் கதைகளில் ஒருவரையும் அந்தக் காலோடு நான் நடக்கவிட்டதில்லை.)

"உள்ளதைச் சொன்னா, குடுத்தவங்க திருப்பிக் கேப்பாங்களே. மூணு நாள்தான் இருக்கு" என்றேன்.

"கேக்கட்டும். மெஷின் வந்தா தினமும் அதுக்கு முன்னாடி நிக்கப்போறது நான். ஆயுசுக்கும் நொண்டச் சொல்றீங்களா?"

5.
முடிவு ஒன்று: கடைசி மணி நேரத்தில் பணம்...
(அவள் மகளே நம்பமாட்டாள்.)

முடிவு இரண்டு: பட்டறைக் கதவில் பூட்டு...
(கை வரவில்லை.)

செய்ததை மட்டும் சொல்கிறேன். பக்கத்தைத் திருத்தினேன்: 'அந்தப் பாதம் அவளுடையது அல்ல, இதை எழுதிய என்னுடையது. அவளுக்கு இரண்டும் சரி. என்னை நேராக நடக்கவைத்தவள் அவள். கொடுத்ததைத் திரும்பப் பெற நினைப்பவர்கள் பெற்றுக்கொள்ளலாம்.'

எண்பத்தொன்பது எண்பத்தாறாயிற்று. அதோடு நிற்கிறது.

நாத்தனார் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்கிறாள்:

"என்ன அண்ணி, இதை யாராவது படிச்சிட்டு இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார். கடைசி வரிக்கு வந்துட்டார்."