ஒட்டிய கன்னம்

என் வீட்டுக்காரர் ஞானரட்ணம் ஒரு கலைஞர். இதைச் சொன்னது நானில்லை. நுவரெலியாவில் சித்திரக் கண்காட்சி நடத்துவதற்காகக் கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான், எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரைச் சுற்றிப் பார்த்தபோது சொன்னார். அதுவரைக்கும் இவர் ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு மை தடவித் தோட்டத்தின் பெயரைப் பதிக்கிறவர்தான். அன்றைக்குச் சாயந்தரம் லயத்து வீட்டுக்குள் நுழையும்போதே நடை வேறு மாதிரி இருந்தது.

கண்காட்சிக்கு அவர் செய்யப்போவது சும்மா படமில்லையாம், கலப்புச் சித்திரமாம். அதாவது, வீட்டில் உருப்படியாக இருக்கிற சாமானையெல்லாம் வெட்டிப் பலகையில் ஒட்டுவது. பெட்டிப் பலகை ஸ்டோரில் கிடைத்தது. பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாள் கண்ணுக்கு. கழித்துக் கொட்டிய தேயிலைத் தூசு தோலுக்கு. தலைமயிருக்கு என் சீப்பில் சிக்கியது. சேலைக்கு, கொழுந்து பறிக்கும்போது நான் இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு பனியில் சேலை நனைய நனைய மலையில் நின்றேன். படத்தின் பெயர் ‘பசித்த தாய்’. அதே அறையில் ஒரு பசித்த தாய் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பார்ப்பார். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இரண்டு கண்ணையும் திறந்து பிள்ளையைப் பார்த்ததில்லை. அது எழுபத்து நாலாம் வருசத்துப் பஞ்சம். கூப்பன் கடையில் பங்கீட்டு மா கிடைப்பதே பெரும்பாடு. மூன்று வயது பெற்றீசியாவுக்கு விலா எலும்பு தெரிந்தது. வீட்டிலிருந்தது ஒரு றாத்தல் கோதுமை மா.

“அந்த மாவக் குடு புள்ள, கன்னம் வைக்கணும்.”

“எந்தக் கன்னம்?”

“படத்துல இருக்கிறவ கன்னம். பசைய மொத்தமா அப்பி நடுவுல குழி தோண்டணும். அப்பத்தான் ஒட்டின கன்னமாத் தெரியும்.”

“ஒட்டின கன்னத்துக்கு எதுக்குங்க ஒரு றாத்தல் மா? இங்க புள்ள கன்னம் சும்மாவே ஒட்டித்தானே கெடக்கு?”

“ஒனக்குக் கலையப் பத்தி என்னா தெரியும்?”

தெரியாதுதான். எனக்குத் தெரிந்தது அடுப்பு. பசையை நானே காய்ச்சித் தருகிறேன் என்றேன். லயத்துச் சுவருக்கு அடிக்கக் கொடுத்த சுண்ணாம்பு மூலையில் கிடந்தது. அதைக் களி மாதிரிக் குழைத்து, மாவில் ஒரே ஒரு கரண்டியைக் காய்ச்சிக் கலந்து, சூடாகக் கொண்டுபோய் வைத்தேன். கலைஞர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்ல பதமா வந்திருக்கு” என்றார். கன்னத்தோடு மூக்கு, கண், மயிர் எல்லாவற்றையும் அதை வைத்தே ஒட்டினார். மிச்ச மாவை ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவர் ஸ்டோருக்குப் போனதும் ஒரு சின்ன ரொட்டி சுட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பேன். இதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை.

எங்கள் கந்தப்பளைத் தோட்டத்துப் பனியில் கன்னம் காயவில்லை. ஈரத்தோடு பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண்காட்சிக்குப் பஸ்ஸில் போனோம். கலைஞரின் கை நோகக்கூடாதாம், அதனால் பஸ் ஏறும் வரைக்கும் பலகையை நான் தலையில் சுமந்தேன்.

பெரிய மனிதர்கள் குளிர்காய, மண்டபத்துச் சுவரோரம் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. எல்லோர் கண்ணிலும் படவேண்டுமென்று அடம்பிடித்து, என் வீட்டுக்காரர் அதற்கு நேர் மேலேயே படத்தை மாட்டவைத்தார். சூட்டில் சுண்ணாம்பு காய்ந்தது. கனவான் பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கன்னம் பொத்தென்று கீழே விழுந்தது. பிறகு வலது கன்னம். அப்புறம் மயிர், மூக்கு, கண் இரண்டும். கடைசியில், ஆணி அடித்திருந்த என் படங்கு மட்டும் பலகையில் தொங்கியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இந்தக் கூத்து இத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

கனவான் கைதட்டினார். “அற்புதம்! பசி ஒரு தாயை எப்படி உதிர்த்துவிடுகிறது என்று கண்முன்னால் காட்டிவிட்டாரே!”

மண்டபமே தட்டியது. முகம் வெளிறி நின்ற என் வீட்டுக்காரர் மெதுவாக நிமிர்ந்தார். “ஆமாங்க, அப்படி நெனச்சுத்தான் செஞ்சேன்” என்றார். முதல் பரிசு அவருக்குத்தான். தண்ணீர் குடிக்கக்கூட உதவாத ஒரு பித்தளைக் கோப்பை.

வீட்டுக்கு வந்தும் அவர் வாய் ஓயவில்லை.

“அடுத்த படத்துக்கு ரெண்டு றாத்தல் மா வேணும் புள்ள.”

டின்னில் மிஞ்சியிருந்த மாவில் இரண்டு ரொட்டி சுட்டேன். ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அவர் முன்னால் வைத்தேன்.

“ஏது மா?”

“அவ கன்னம். அங்க அப்புனது சுண்ணாம்பு. தின்னுங்க.”

ரொட்டியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். கோபம் வரும், அடி விழும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் அந்த மனுசனைக் கொஞ்சமாவது மதித்திருப்பேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“யாருகிட்டயும் சொல்லிறாத” என்றார்.

ரொட்டியைத் தின்று முடித்தார். பிறகு பெற்றீசியாவின் கையைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

பிள்ளை தன் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.